கோகிலவாணியின் முழங்கைக்குள் ஒரு பட்டறை

எங்கள் தெருவில் லாரிக்கு உடம்பு கட்டுகிறோம். கம்பெனியிலிருந்து இஞ்சினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டுமாக, ஓட்டி வருகிறவன் ஹெல்மெட் போட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு வந்து சேருகிற வண்டிக்கு, கேபின் ஏற்றி, பலகை அடித்து, தகரம் போர்த்தி, ரிவெட் வைத்து, வண்ணம் பூசி, முகப்பில் சாமி பெயரும் முதுகில் பிள்ளைகள் பெயரும் எழுதி, முப்பதாம் நாள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வெளியே அனுப்புவோம். நாற்பத்தொரு பட்டறை, முந்நூறு ஆட்கள். காலை எட்டரைக்குத் தெருமுனைச் சங்கு ஊதினால் சுத்தியல் சத்தம் ஆரம்பிக்கும், மாலை ஆறுக்கு மறுபடி ஊதினால் நிற்கும். இப்படிப்பட்ட தெருவில்தான் கோகிலவாணியின் இடது முழங்கைக்குள் இன்னொரு பட்டறை திறந்தது. அது எப்படித் திறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். திறந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

கோகிலவாணி எங்கள் சங்கத்து மெஸ்ஸில் சமைக்கிறவள். புருஷன் குழந்தைவேலு லாரி டிரைவர், வடக்கே போய் வந்துகொண்டிருந்தவன், இளைத்து இளைத்து ஒருநாள் இல்லாமல் போனான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் எங்களுக்கு ஆக்கிப் போட்டாள். புது வண்டி வெளியேறுகிற அன்று வண்டிக்கு முன்னால் பொங்கல் வைத்து, முதல் பிடியை உருட்டி டிரைவர் கையில் வைப்பது எங்கள் தெரு வழக்கம். அந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் தெருவிலிருந்து போன ஒவ்வொரு வண்டியின் டிரைவரும் முதல் பிடியை அவள் கையிலிருந்துதான் வாங்கினான். வாங்கியவன் காஷ்மீர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அக்கா இன்னொரு பிடி கொடு என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆடி மாதம், யாரோ ஒருவன் அவளை ஆஸ்பத்திரியில் எந்த அறைக்கு வெளியே வரிசையில் நிற்கக்கூடாதோ அந்த எச்.ஐ.வி. மாத்திரை அறைக்கு வெளியே பார்த்துவிட்டு வந்து சொன்னான். அன்று மத்தியானமே மெஸ்ஸில் பாதி இலை காலி. மறுநாள் சங்கத்தில் ஒரு மனு எழுதினார்கள், சமையலுக்கு வேறு ஆள் போட வேண்டும் என்று. இருநூற்றுப் பதினேழு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது. வெல்டர் செங்கோடன் என்று முழுசாக எழுதினேன், முந்தின நாள் அவள் போட்ட கொள்ளு ரசத்தின் வாசம் விரலில் இருக்கும்போதே எழுதினேன்.

சங்கத் தலைவர் சென்னியப்பன் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம். அவர் அவளைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, மென்மையாகத்தான் சொன்னார்.

"அம்மிணி, உன்னைய யாரும் போகச் சொல்லல. சமையக்கட்டு மட்டும் வேண்டாம். பட்டறையெல்லாம் கூட்டிப் பெருக்கற வேலை தர்றோம். சோத்துக்குக் கொறை இருக்காது."

"தொடப்பத்த நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் கோகிலவாணி. "பதினோரு வருசம் ஆக்கிப் போட்டிருக்கறேன். அதுல யாருக்கு என்ன வந்துச்சுன்னு ஒருத்தரச் சொல்லுங்க, இப்பவே போயிடறேன்."

அப்படி ஒருவனும் இல்லை. ஆனாலும் மெஸ்ஸைப் பூட்டினார்கள். அவள் போகவும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் தேய்ந்த லாரி டயர் ஒன்றை உருட்டி வந்து போட்டு, அதன் மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அதுவரைக்கும் மாத்திரையை மல்லித்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்து யாருக்கும் தெரியாமல் விழுங்கியவள், இப்போது எட்டரைச் சங்கு ஊதியதும் தெரு முழுக்கப் பார்க்க டப்பாவைத் திறந்தாள், ஒரு வாய் சோறு தின்றாள், மாத்திரையைப் போட்டாள், தண்ணீரைக் குடித்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை பட்டவர்களில் ஒருவனுக்கும் அன்று ரிவெட் நேராக விழவில்லை.

அவள் ஒளித்ததற்கும் ஒரு கதை உண்டு. புருஷன் செத்த வருஷம், மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பல நாள் மாத்திரையைத் தவறவிட்டாள். அந்த இடைவெளியில் உள்ளே இருந்தது பழைய மருந்தைப் பழகிக்கொண்டது. மருந்தை மாற்றிய டாக்டரம்மா, இதற்கு மேல் என் கையில் வேறு இல்லை, ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆக அவளுக்கு இருந்தது இரண்டே இரண்டு. அந்த டப்பா ஒன்று, அந்த அடுப்பு இன்னொன்று. டப்பா மடியில் இருந்தது, அடுப்பு பூட்டுக்குப் பின்னால் இருந்தது.

அவள் டயரில் உட்கார்ந்த ஒன்பதாம் நாள், ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய இடது முழங்கையின் உட்பக்கத்தில், தோல் தெளிந்தது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, பத்து மணி வாக்கில் ஒரு உள்ளங்கை அளவுக்கு, லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்து வைத்த மாதிரி தெளிந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமாகப் போன பொன்னுரங்கம் மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"ஏனுங் மேஸ்திரி, உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுமல்லோ. உள்ள என்னமோ வேலை நடக்குது. என்ன வேலைன்னு பாத்துச் சொல்லுங்."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். முக்கால் மணி நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை, கோபம்தான் இருந்தது. "பாடி கட்டறானுங்க" என்றார். "நம்ம தொழிலுதான். ஆனா அடுத்தவன் பட்டறையில பூந்து கட்டறானுங்க."

அன்றிலிருந்து தெரு அந்த முழங்கைக்குப் பழகிப்போனது. அவ்வளவு பொடிசு இவ்வளவு பெரிதாக எப்படித் தெரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சை டயர் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். கூட்டம் நெரிசலாகாமல் இருக்க தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கட்டி வரிசை விட்டார்கள். ஆறாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார். டி.வி.க்காரர்கள் காரில் வந்து இறங்கிக் கேமராவை நீட்டினார்கள், கேமராவில் வெறும் தோல்தான் விழுந்தது, ஏமாற்று வேலை என்று திட்டிவிட்டுப் போனார்கள். இருட்டினால் அவள் முழங்கை மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவாள். விடிந்தால் வருவாள். கோகிலவாணி எல்லோருக்கும் காட்டினாள், மனுவில் கையெழுத்துப் போட்டவனுக்கும் காட்டினாள். ஆனால் ஒவ்வொருவனிடமும் ஒரே வார்த்தை கேட்டாள். "பாத்தாச்சுங்களா? எப்ப அடுப்பத் தொறக்கறீங்க?"

நன்றாகத் தெரிவது சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், முந்தின நாள் மருந்தின் பிடி லேசாகத் தளர்கிற நேரத்தில். அப்போது மேஸ்திரி குச்சியை வைத்துக்கொண்டு விளக்குவார். நாங்கள் தோளுக்கு மேல் தோளாக எட்டிப் பார்ப்போம்.

அவளுடைய ரத்தத்தில் காவல் காக்கிற உருண்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் மதில் போட்ட ஒரு பட்டறை. எங்கிருந்தோ ஒரு சின்ன வண்டி வரும். அதன் மேலெல்லாம் கொக்கிகள். மதிலின் கதவில் எந்தத் தாழ்ப்பாளுக்கு எந்தக் கொக்கி என்று அதற்குத் தெரியும். மாட்டும், தன் தோலை மதிலோடு ஒட்டவைக்கும், சரக்கை உள்ளே கொட்டும். சரக்கு ஒரு ஓலை, கூடவே இரண்டு மூன்று ஆட்கள். ஓலையை நகலெடுக்கிறவன் ஒருவன், ஊரெல்லாம் எந்தப் பக்கமிருந்து நகலெடுக்குமோ அதற்குத் தலைகீழாக எடுக்கிறவன், அவசரக்காரன், நூறு தப்பு விடுவான், அந்தத் தப்புகளாலேயே பிடிபடாமல் தப்பிப்பான். இரண்டாமவன் அந்த நகலைக் கொண்டுபோய், பட்டறையின் சொந்த வேலைப் புத்தகத்தைப் பிரித்து, நடுவில் ஒரு ஏட்டை வெட்டி, தையல் தெரியாமல் தைத்து வைத்துவிடுவான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்நியன் யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை. பட்டறையின் சொந்த ஆட்கள், விசுவாசமான ஆட்கள், புத்தகத்தில் எழுதியிருக்கிறதே என்று அவனுடைய வண்டியைத் தாங்களே கட்டுவார்கள்.

"இதுதான் எனக்கு ஆகமாட்டேங்குது" என்பார் மேஸ்திரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நம்ம ஆளு, நம்ம இரும்பு, நம்ம கரண்டு. கட்டறது அவன் வண்டி."

கட்டுகிற விதமும் எங்களுக்குத் தெரிந்த விதம். நீளநீளமாக ஒரே பலகை வந்து விழும். ஒவ்வொரு பலகையும் மதிலின் உள்பக்கம் போய், தோளோடு தோள் உரசி நிற்கும். நிற்க நிற்க மதில் வெளியே புடைக்கும். புடைத்த இடம் மதிலையே கிழித்துப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, ஓலையை நடுவில் வைத்துக்கொண்டு, பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஆனால் கிளம்பியது இன்னும் வண்டி இல்லை, பலகைகளை வெட்டினால்தான் வண்டி. வெட்டுகிறவனும் அந்தப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டுதான் வருவான். இரண்டு பேர் எதிரெதிரே சேர்ந்தால்தான் ஒரு கத்தரி. முதலில் தன்னையே பலகையிலிருந்து வெட்டி விடுவித்துக்கொள்வான், பிறகு மற்றதையெல்லாம் அளவாக வெட்டுவான், வெட்டிய துண்டுகள் ஓடிப்போய் நடுவில் ஒரு கூம்பாகக் கூடி ஓலையைப் பொதிந்துகொள்ளும். அப்போதுதான் அது இன்னொரு பட்டறைக்குள் நுழையும்.

எட்டரைச் சங்கு ஊதும். கோகிலவாணி விழுங்குவாள். சற்றுப் பொறுத்தால், நகலெடுக்கிறவன் கைக்குப் பொய் எழுத்து ஒன்று போய்ச் சேரும், அதை வைத்த இடத்திலேயே வரி நின்றுபோகும். கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு ஆப்பு விழும். வெட்டாத பலகையோடு வெளியே போனவை போன இடத்தில் முட்டி மோதி, எந்தக் கதவிலும் ஏற முடியாமல் சாகும். அதைப் பார்த்ததும் முந்நூறு பேரும் கைதட்டுவோம், ஒவ்வொரு நாளும் தட்டுவோம். புத்தகத்தில் தைத்த ஏட்டை மட்டும் யாராலும் பிய்க்க முடியாது என்பதையும் பார்த்தோம். அது தூங்கும், திடீரென்று முழிக்கும், அதனால்தான் ஆப்பு தினமும் வேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் மேஸ்திரி சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "நாப்பது நாளு பாத்துப் போட்டேன்" என்றார். "அந்த வண்டிக்கு ரத்தத்துக்கு வெளிய ரோடு இல்ல. கரண்டியில ஏறாது, சோத்துல ஏறாது, நெருப்புல நிக்காது. அந்தப் புள்ள அவனக் கட்டிப்போட்டு வெச்சிருக்கற கட்டுல பாதிகூட நம்ம பட்டறையில இல்ல. அடுப்பத் தொறங்க."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திறந்தார்கள். கோகிலவாணி உள்ளே போய், அடுப்பின் மேல் கையை வைத்தாள். பிறகு ஒட்டடை அடித்தாள், பாத்திரம் தேய்த்தாள், பூஜைப் பொங்கலுக்கு அரிசி களைந்தாள். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். கெட்டது செய்து முடித்த நாங்கள் அப்புறம்தான் நல்லது செய்யக் கிளம்பினோம்.

மற்ற ஊரில் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் மூன்று நாள். மூன்று நாளும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. எந்தக் காலத்திலோ ஒருவன் இரண்டாம் நாள் உளியை எடுத்தானாம், கட்டைவிரலை விட்டுவிட்டானாம். சங்குக்கும் பொட்டு வைத்து, வாயில் மஞ்சள் துணியைக் கட்டிவிடுவோம். அடுப்பு திறந்த அன்று சாயங்காலமே, மெஸ்ஸில் போட்ட பூஜை மேடையில் சுத்தியல், ரிவெட் துப்பாக்கி, என்னுடைய வெல்டிங் கைப்பிடி, எல்லாம் கழுவி அடுக்கியாகிவிட்டது. தலைவர் சென்னியப்பன் கோகிலவாணியைப் பார்த்தார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மிணி, இந்தத் தெருவுலயே பெரிய ஆயுதம் உன்ற கிட்டதான் இருக்குது. அந்த டப்பாவையும் கொண்டாந்து வெய்யி. நடுவால வெய்யி."

முந்நூறு பேரும் ஆமாம் ஆமாம் என்றோம். சிலர் அழுதோம். அவளும் அழுதாள். எந்தக் கையை நாங்கள் வேண்டாம் என்றோமோ அந்தக் கையால் டப்பாவை மேடை நடுவில் வைத்தாள். நான்தான் அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். அந்த மாதத்து மாத்திரை மொத்தமும் அதற்குள்தான் இருந்தது என்று எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. நாற்பது நாள் தினம் காலையில் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை தெரு குடும்பத்தோடு மெஸ்ஸில் கூடியிருந்தது. சங்கு ஊதவில்லை. ஆனால் மெஸ் சுவரில் கடிகாரம் இருந்தது. பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் நேராக மேடைக்குப் போனாள்.

தலைவர் குறுக்கே வந்தார். "எங்க அம்மிணி?"

"மணி எட்டரைங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "பூஜையில வெச்சதுடா கண்ணு. இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்க. கை வெச்சா தெருவுக்கே ஆகாது. எதாச்சும் ஒண்ணு நடந்துதுன்னா, நாளைக்கு உன்னையத்தான் சொல்லுவானுங்க. இப்பத்தான் அடுப்பு தொறந்திருக்குது. மறுபடியும் பூட்டச் சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

பயமுறுத்திச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார். சொன்னது உண்மையும்கூட. கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது, தொடக்கூடாது, தொட விடக்கூடாது என்று. கோகிலவாணி திரும்பி அடுப்பைப் பார்த்தாள். பதினோரு வருஷமும் நாற்பது நாளும் அந்தப் பார்வையில் இருந்தன. பிறகு முந்தானையை ஒதுக்கி இடது முழங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க."

பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஏடு முழித்திருந்தது. பலகைகள் மதிலோரம் தோளோடு தோள் நின்றன, மதில் புடைத்தது, பிய்ந்தது. போர்வைக்குள் கத்தரிக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஆப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க லீவு உட்டுட்டீங்க" என்றாள். "இவனுங்க உடலீங்களே. என்ற பட்டறையில நல்ல நாளு கெட்ட நாளு கெடையாதுங்க. அடுப்பப் பூட்டோணும்னா பூட்டிக்குங்க, மறுபடி அதே டயருல உக்காருவேன், மறுபடி தொறக்க வெப்பேன். அதுக்கு நான் உசுரோட இருக்கோணுமல்லோ."

வெறும் வயிற்றில் அந்த மருந்து பிடிக்காது. அதனால் அவள் திரும்பிப் போனாள், பானைக்குள் கையை விட்டாள், சூடு தாங்கி ஒரு பிடி எடுத்து உருட்டினாள். எந்த முதல் பிடியை எப்போதும் வழிக்குப் போகிறவன் கையில் வைப்பாளோ அந்த முதல் பிடியை, முந்நூறு பேர் பார்க்க, தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். மேடை ஏறினாள். சந்தனம் காய்ந்த டப்பாவை எடுத்துத் திறந்தாள். மாத்திரையை நாக்கில் வைத்து, கலசத்துத் தண்ணீரைச் சொம்போடு தூக்கிக் குடித்தாள்.

மேஸ்திரி குனிந்து முழங்கைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம், அரைமணி நேரம், முக்கால் மணி நேரம். அவள் அசையாமல் நின்றாள். கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"ஆப்பு விழுந்திருச்சு" என்றார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. சந்தனம் பூசிய அதே விரலால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். பின்னால் தலைவர், செங்கோடா வேண்டாம் என்று கத்தினார். கம்பத்தில் ஏறி, சங்கின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து எறிந்து, பொத்தானை அமுக்கினேன். ஒரு வருஷமும் அந்த நாளில் ஊதாத சங்கு ஊதியது. தெருவுக்கு வேலை நாள் இல்லை, அவளுக்கு மட்டும் வேலை நாள். எவ்வளவு நேரம் அமுக்கினேன் என்று தெரியாது. இறங்கி வந்தபோது என் கட்டைவிரல் இரண்டும் இருந்தன.

அடுப்பை யாரும் பூட்டவில்லை. பூட்ட வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து டிபன் கட்டிக்கொண்டு வருகிறார்கள், வரட்டும். வருஷா வருஷம் அந்த மூன்று நாளும் ஆயுதங்கள் மேடையில் தூங்குகின்றன. சங்குக்குப் பொட்டு வைக்கிறோம், துணி கட்டுவதில்லை. எட்டரைக்கு நான்தான் ஊதுகிறேன். கோகிலவாணி முதல் பிடியைத் தன் வாயில் போட்டு, மாத்திரையை விழுங்கி, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்ப்பாள்.

"அடுத்த பிடி யாருக்கு?" என்பாள்.

நான் கையை நீட்டுவேன். அவள் என் கையில் சோற்றை வைக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தைதான் சொல்வாள். "அந்த மனுவுல உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருந்துதுங் செங்கோடண்ணா."

நான் தலையைக் குனிந்துகொண்டு, அவள் கண்ணெதிரே, ஒரு பருக்கை கீழே விழாமல் தின்பேன்.